கோப்பு சுருங்கினால் விளையாட்டு குறையுமா?

கைப்பேசியில் பழைய பிஎஸ்பி விளையாட்டுகளை ஆடும் மாணவர்களிடையே ஒரு வாக்குவாதம் அடிக்கடி எழும். ‘ஐஎஸ்ஓ’ கோப்பாக இருக்கும் ஒரு விளையாட்டு 1 ஜிகாபைட் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதையே ‘சிஎஸ்ஓ’ கோப்பாக மாற்றினால் சில விளையாட்டுகள் 600, 700 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. “அப்படியானால் மீதி எங்கே போனது? படத்தின் தெளிவைக் குறைத்துவிட்டார்கள்” என்கிறான் ஒருவன். “சில கட்டங்களையே வெட்டியிருப்பார்கள்” என்கிறாள் இன்னொருத்தி. “ஒன்றும் போகவில்லை. நான் ஆடிப் பார்த்துவிட்டேன், எல்லாம் அப்படியேதான் இருக்கிறது” என்கிறான் மூன்றாமவன்.

மூன்றாமவன் சொல்வதுதான் சரி. ஆனால் ‘ஆடிப் பார்த்தேன்’ என்பது போதுமான சான்று ஆகாது. 1 ஜிகாபைட்டில் ஒரே ஒரு பைட் மாறியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். எதுவும் குறையவில்லை என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்ட வேறு வழி இருக்கிறது.

இந்தக் கேள்வி விளையாட்டோடு முடிவதும் இல்லை. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் அம்மா அப்பாவின் திருமணக் காட்சி ஒரு விசிடி வட்டில் கிடக்கிறது. அதைக் கணினிக்கு மாற்றும்போது எது குறையும், எது குறையாது என்று தெரிந்தால்தான் அதைப் பழுதில்லாமல் காப்பாற்ற முடியும். முதலில் விளையாட்டை வைத்தே கற்றுக்கொள்வோம்.

உறைக்குள் ஒரு குட்டி வட்டு

சோனி நிறுவனம் பிஎஸ்பி என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை 2004 டிசம்பர் 12-ஆம் நாள் ஜப்பானில் வெளியிட்டது. அதன் விளையாட்டுகள் ‘யுஎம்டி’ எனப்படும் சிறிய வட்டுகளில் வந்தன. வட்டின் விட்டம் 6 சென்டிமீட்டர்தான். கீறல் விழாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு.

சாதாரண சிடியின் விட்டம் 12 சென்டிமீட்டர். கொள்ளளவு ஏறக்குறைய 700 மெகாபைட். விட்டம் பாதியானால் பரப்பளவு ஏறக்குறைய கால் பங்காகிவிடும் என்பது உங்கள் கணிதப் பாடத்திலேயே இருக்கிறது. அப்படியும் யுஎம்டியின் ஓர் அடுக்கில் 900 மெகாபைட் அடங்குகிறது. இரண்டு அடுக்கு வட்டில் 1.8 ஜிகாபைட். ஒரு காரணம் ஒளியின் அலைநீளம். சிடியைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர். யுஎம்டிக்குப் பயன்படுவது 660 நானோமீட்டர் சிவப்பு லேசர். அலைநீளம் குறைந்தால் ஒளிப்புள்ளியை இன்னும் சிறியதாகக் குவிக்கலாம். ஆகவே தகவலைக் குறிக்கும் குழிகளை இன்னும் நெருக்கமாகப் பதிக்கலாம்.

யுஎம்டி படிக்க மட்டுமே ஆன வட்டு. எழுதக்கூடிய வெற்று யுஎம்டி பொதுமக்களுக்கு விற்கப்படவே இல்லை. வட்டைச் சுழற்றும் மோட்டாரும் நகரும் லென்ஸும் காலப்போக்கில் தேயும். 2009-இல் வந்த பிஎஸ்பி கோ என்ற கருவியில் வட்டுப் பகுதியே கிடையாது. 2014-இல் பிஎஸ்பியின் தயாரிப்பு முடிவுக்கு வந்தது. 2021 ஜூலையில், பிஎஸ்பி கருவியிலிருந்தே இணையக் கடையில் விளையாட்டு வாங்கும் வசதியும் நின்றுபோனது. இனி அந்த வட்டுகளில் இருப்பது நிலைக்க வேண்டுமானால் அது வட்டை விட்டு வெளியே வந்து ஒரு கோப்பாக ஆக வேண்டும். அந்தக் கோப்புதான் வட்டுப் பிம்பம்.

நகல் வேறு, பிம்பம் வேறு

வீடு மாறும்போது அலமாரியில் இருக்கும் பொருள்களைப் பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போகலாம். பொருள்கள் எல்லாம் வந்து சேரும்; ஆனால் எந்தத் தட்டில் எது இருந்தது என்பது போய்விடும். மாறாக, எதையும் அசைக்காமல் அலமாரியையே தூக்கிக்கொண்டும் போகலாம். கோப்புகளை மட்டும் நகலெடுப்பது முதல் வகை. வட்டுப் பிம்பம் இரண்டாம் வகை. வட்டின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை, வெற்றிடங்கள் உட்பட, அதே வரிசையில் ஒரே கோப்பில் வைப்பது அது.

இந்த வரிசைக்கு ஒரு தரநிலை உண்டு. 1980-களில் சிடியில் கணினித் தகவலை எப்படி அடுக்குவது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் ஒரு முறை இருந்தது. ஒரு நிறுவனத்தின் வட்டை இன்னொரு நிறுவனத்தின் கணினி படிக்காது. இதற்கு முடிவுகட்ட நிறுவனங்களின் பிரதிநிதிகள் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ‘ஹை சியேரா’ என்ற தங்கும் விடுதியில் கூடிப் பேசினார்கள். அங்கே உருவான முறையைத் தழுவி, அனைத்துலகத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓ 1988-இல் வெளியிட்ட தரநிலையின் எண் 9660. வட்டுப் பிம்பக் கோப்புகளின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ஐஎஸ்ஓ’ அந்த அமைப்பின் பெயர்தான்.

இந்த முறையில் தகவல் 2,048 பைட் கொண்ட ‘செக்டர்’ எனும் சம அளவுத் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. செக்டர்களை 0-இலிருந்து எண்ண வேண்டும். 0 முதல் 15 வரையிலான 16 செக்டர்கள் கணினியின் தேவைக்கென ஒதுக்கப்பட்டவை. எண் 16 கொண்ட செக்டரில்தான் வட்டின் அறிமுகம் தொடங்குகிறது. 16-ஐ 2,048-ஆல் பெருக்கினால் 32,768. எனவே எந்த ஐஎஸ்ஓ கோப்பிலும் 32,768 பைட்டுகளைத் தாண்டி, வகையைச் சொல்லும் ஒரு பைட்டையும் தாண்டினால், ‘சி, டி, 0, 0, 1’ என்ற ஐந்து எழுத்துகள் வரிசையாக நிற்கும். ஒரு கோப்பு உண்மையில் ஐஎஸ்ஓ வட்டுதானா என்பதை மென்பொருள்கள் இப்படித்தான் கண்டுபிடிக்கின்றன.

திரும்ப வருவதை ஏன் திரும்ப எழுத வேண்டும்?

இனிச் சுருக்கத்துக்கு வருவோம். ‘கடகடகடகடகட’ என்பதை ‘கட × 5’ என்று எழுதலாம். எழுத்து குறைந்தது, பொருள் குறையவில்லை. படிப்பவர் விரும்பினால் பழைய வடிவத்தை அப்படியே மீட்டுக்கொள்ளலாம்.

இந்த எண்ணத்தைப் பொதுவான முறையாக ஆக்கியவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் என்ற இருவர். ஆண்டு 1977. அவர்களுடைய வழி எளிமையானது. கீழ்க்காணும் வாக்கியத்தைப் பாருங்கள்.

‘கிள்ளான் நிலையத்திலிருந்து கிளம்பிய ரயில் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் நின்றது, கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து கிளம்பிய ரயில் கிள்ளான் நிலையத்தில் நின்றது.’

காற்புள்ளிக்குப் பின் வரும் பகுதியில் புதிய சொல் ஒன்றுகூட இல்லை. எல்லாமே முன்பு வந்தவை. ஆகவே அவற்றை மறுபடி எழுதாமல், ‘இத்தனை எழுத்து பின்னால் போ, அங்கிருந்து இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்ற இரண்டு எண்களை மட்டும் எழுதினால் போதும். படிக்கும் கணினி அந்தக் கட்டளையைப் பின்பற்றி வாக்கியத்தை முழுமையாகக் கட்டிவிடும்.

இரண்டாவது உத்தி ஒரு மாணவர் கண்டுபிடித்தது. 1951-இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கழகத்தில் ராபர்ட் ஃபானோ என்ற பேராசிரியர் தம் மாணவர்களுக்கு ஒரு சலுகை தந்தார். இறுதித் தேர்வுக்குப் பதிலாக ஒரு கட்டுரை சமர்ப்பிக்கலாம். எழுத்துகளுக்கு மிகச் சிக்கனமான இருமக் குறியீட்டை அமைப்பது எப்படி என்பது அதில் ஒரு தலைப்பு. அது பேராசிரியரே முழுமையாகத் தீர்க்காத சிக்கல் என்பது மாணவர்களுக்குத் தெரியாது. டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர் மாதக்கணக்கில் முட்டிமோதி, ‘இனி தேர்வுக்கே படிப்போம்’ என்று கைவிடும் நேரத்தில் விடை பிடிபட்டது. அது 1952-இல் வெளியானது. இன்றும் அதற்கு அவர் பெயர்தான்.

நான்கே வண்ணங்கள் உள்ள ஒரு விளையாட்டுப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 100 புள்ளிகள். அவற்றில் வானம் 70, புல் 20, செங்கல் 5, காசு 5. நான்கு வண்ணங்களைப் பிரித்துக் காட்டப் புள்ளிக்கு 2 பிட் வேண்டும். ஆக 200 பிட். ஹஃப்மன் முறையில் அடிக்கடி வருவதற்குச் சிறிய குறியீடும் அரிதாக வருவதற்குப் பெரிய குறியீடும் கொடுக்கிறோம். வானம் 0, புல் 10, செங்கல் 110, காசு 111. இப்போது கணக்குப் போடுங்கள். வானத்துக்கு 70 பிட், புல்லுக்கு 40, செங்கலுக்கு 15, காசுக்கு 15. மொத்தம் 140 பிட்.

30 விழுக்காடு மிச்சம்! ஒரு புள்ளியும் மாறவில்லை. எந்தக் குறியீடும் இன்னொரு குறியீட்டின் தொடக்கமாக இல்லாததால் நடுவே காற்புள்ளிகூடத் தேவையில்லை. 0010111 என்று வந்தால் அது வானம், வானம், புல், காசு. வேறு எப்படியும் படிக்க முடியாது.

இந்த இரண்டு உத்திகளையும் இணைத்து ஃபில் காட்ஸ் என்ற நிரலாளர் உருவாக்கிய முறை ‘டிஃப்ளேட்’. நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஜிப் கோப்பு, பிஎன்ஜி படம் இரண்டுக்குள்ளும் இருப்பது அதுதான். சிஎஸ்ஓ கோப்புக்குள்ளும் அதுவேதான் இருக்கிறது.

அப்படியானால் ஜிப் செய்தாலே போதுமே?

நல்ல கேள்வி. ஐஎஸ்ஓ கோப்பை ஜிப் செய்தால் நன்றாகவே சுருங்கும். ஆனால் அதை வைத்து ஆட முடியாது. ‘பின்னால் போய் எடுத்துக்கொள்’ என்ற கட்டளைகளால் ஆன கோப்பை நடுவிலிருந்து படிக்க இயலாது. முன்பகுதியைப் பிரித்தால்தான் பின்பகுதி விளங்கும். விளையாட்டோ வரிசையாகப் படிப்பதில்லை. இப்போது மூன்றாம் கட்டத்தின் வரைபடம், அடுத்த நொடி ஒரு குதிக்கும் சத்தம், உடனே முதல் கட்டத்தின் இசை என்று வட்டின் மூலை முடுக்கெல்லாம் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலுக்கும் 1 ஜிகாபைட்டை முதலிலிருந்து பிரிப்பதென்றால் ஆட்டம் நகராது. முதல் பிஎஸ்பியில் இருந்த நினைவகமே 32 மெகாபைட்தான்.

சிஎஸ்ஓ இதற்குக் கண்ட தீர்வு, ஒரு நூலுக்குப் பொருளடக்கம் போடுவதைப் போன்றது. முதலில் ஐஎஸ்ஓ கோப்பை 2,048 பைட் துண்டுகளாக நறுக்கு. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சுருக்கு. சுருங்கிய துண்டுகளை வரிசையாக அடுக்கு. எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணையைக் கோப்பின் முன்னால் வை. அவ்வளவுதான்.

கோப்பைத் திறந்தால் முதலில் 24 பைட் கொண்ட முகப்பு இருக்கும். அதன் முதல் நான்கு பைட்டுகள் ‘சி, ஐ, எஸ், ஓ’ என்ற எழுத்துகள். பின்னர், விரித்தால் மொத்தம் எத்தனை பைட், ஒரு துண்டு எத்தனை பைட் போன்ற விவரங்கள். அடுத்து அட்டவணை. துண்டுக்கு 4 பைட் கொண்ட ஓர் எண். 

1 ஜிகாபைட் என்பது 1,073,741,824 பைட். அதை 2,048-ஆல் வகுத்தால் 524,288 துண்டுகள். அட்டவணையில் மட்டும் ஓர் எண் கூடுதலாக, 524,289 எண்கள் இருக்கும். ஏன்? ஒரு துண்டின் நீளத்தைத் தனியே எழுதுவதில்லை; அடுத்த துண்டின் தொடக்கத்திலிருந்து இந்தத் துண்டின் தொடக்கத்தைக் கழித்தால் நீளம் கிடைத்துவிடும். கடைசித் துண்டுக்கு ‘அடுத்தது’ இல்லையே! அதற்காகத்தான் அந்தக் கடைசி எண். ஆக அட்டவணையின் அளவு ஏறத்தாழ 2 மெகாபைட். நூற்றுக்கணக்கான மெகாபைட்டை மிச்சப்படுத்த இது சிறிய விலை.

விளையாட்டு 300,000-ஆம் துண்டைக் கேட்டால், அட்டவணையில் அந்த எண்ணைப் பார்த்து நேராக அங்கே தாவி, அந்த ஒரு துண்டை மட்டும் விரித்துக் கொடுத்தால் போதும்.

கோப்பின் பெயருக்குப் பின்னால் இருக்கும் ‘சிஎஸ்ஓ’வை அழித்து ‘ஐஎஸ்ஓ’ என்று எழுதினால் கோப்பு மாறிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். மாறுவது ஒட்டிய சீட்டு மட்டுமே. உள்ளே முதல் நான்கு பைட் என்ன சொல்கிறதோ அதுதான் கோப்பு.

கொடுப்பது எதை?

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. இடத்தை மிச்சப்படுத்தி நாம் கொடுப்பது நேரம். ஒவ்வொரு துண்டையும் விரிக்கச் செயலி வேலை செய்ய வேண்டும். பிஎஸ்பியின் செயலி அதிகபட்சம் 333 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. அதற்கு இது உணரக்கூடிய சுமை. சில விளையாட்டுகளில் காட்சி நடுவே தயங்கி நிற்கக் காரணம் இதுவே. இன்றைய கைப்பேசிக்கு அது பொருட்டே இல்லை.

சுருக்கத்தின் அளவிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. டிஃப்ளேட் முறை 32,768 பைட் வரை பின்னால் பார்க்க வல்லது. ஆனால் சிஎஸ்ஓவில் ஒவ்வொரு துண்டும் தனித்தீவு. 2,048 பைட்டுக்குள் திரும்ப வருவதை மட்டுமே அது கண்டுகொள்ளும். துண்டைப் பெரிதாக்கினால் நன்றாகச் சுருங்கும். ஆனால் சிறிது தகவல் கேட்டாலும் பெரிய துண்டு முழுவதையும் விரிக்க வேண்டும். ‘சிஎச்டி’ போன்ற வடிவங்கள் பெரிய துண்டுகளைக் கையாள்கின்றன. வேகமான செயலிகள் வந்த பிறகு அது கட்டுப்படியாகிறது.

எல்லாம் ஏன் சுருங்குவதில்லை?

ஒரு விளையாட்டு பாதியாகச் சுருங்கும். இன்னொன்று பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. வட்டில் இடத்தை நிரப்புவதற்காகவே வைத்த சுழியங்கள் நிறைய இருந்தால் கோப்பு மளமளவென்று சுருங்கும். மாறாக, காணொளியும் இசையும் நிறைந்த விளையாட்டு சுருங்காது. ஏனென்றால் அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் எவ்வளவு தண்ணீர் வரும்?

எந்தக் கோப்பையும் சுருக்கவல்ல மாய மென்பொருள் ஒன்று இருக்க முடியுமா? முடியாது என்று நாமே நிறுவலாம். 3 பிட்டில் எழுதக்கூடிய கோப்புகள் 8. அதைவிடச் சிறிய கோப்புகள் எத்தனை? 2 பிட்டில் 4, 1 பிட்டில் 2, ஒன்றுமே இல்லாத வெற்றுக் கோப்பு 1. மொத்தம் 7. எட்டுப் பேர், ஏழு நாற்காலி. யாராவது இருவர் ஒரே நாற்காலியில் உட்கார வேண்டும். அப்படி இரண்டு கோப்புகள் ஒரே சுருக்கத்துக்குள் போனால், விரிக்கும்போது எது எது என்று சொல்ல முடியாது. பிட்டுகளின் எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும் நாற்காலி எப்போதும் ஒன்று குறைவாகவே இருக்கும்.

சிஎஸ்ஓவை உருவாக்கியவர்கள் இதை அறிந்தவர்கள். ஒரு துண்டு சுருங்க மறுத்தால் அதைச் சுருக்காமல் அப்படியே வைத்துவிட்டு, அட்டவணை எண்ணின் முதல் பிட்டை 1 ஆக்கிவிடுவார்கள். ‘இதை விரிக்க வேண்டாம்’ என்பதற்கான அடையாளம் அது.

குறையும் சுருக்கம், குறையாத சுருக்கம்

‘படத்தின் தெளிவு போய்விடும்’ என்ற அச்சம் எங்கிருந்து வந்தது? ஜேபெக் படம், எம்பி3 பாட்டு, விசிடி காணொளி ஆகியவற்றிலிருந்து. அவை இழப்புள்ள சுருக்கங்கள். கண்ணும் காதும் அதிகம் கவனிக்காத நுட்பங்களை அவை நிரந்தரமாகவே நீக்கிவிடுகின்றன. நீக்கியது திரும்பாது. டிஃப்ளேட் இழப்பில்லாச் சுருக்கம். அதில் விரித்தால் பழைய பைட்டுகள் ஒன்று விடாமல் திரும்ப வரும். சில விளையாட்டுப் பிரதிகளில் காணொளிகளே இல்லாமல் இருப்பதுண்டு. அது யாரோ வேண்டுமென்றே வெட்டியதன் விளைவு. சிஎஸ்ஓ வடிவத்தின் குற்றம் அல்ல.

இதை எப்படி நிறுவுவது? சரிபார்ப்பு எண்ணால். ஒரு கோப்பின் எல்லாப் பைட்டுகளையும் ஒரு கணக்கில் செலுத்தி ஒரு குறிப்பிட்ட நீள எண்ணைப் பெறலாம். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். ‘ஷா-256’ என்ற கணக்கு 256 பிட் நீளமுள்ள எண்ணைத் தருகிறது. ஐஎஸ்ஓவின் சரிபார்ப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைச் சிஎஸ்ஓவாக மாற்றுங்கள். அந்தச் சிஎஸ்ஓவை மீண்டும் ஐஎஸ்ஓவாக மாற்றி, எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் எதுவும் குறையவில்லை. வாக்குவாதம் முடிந்தது.

விசிடியில் காத்திருக்கும் பொறி

இப்போது அலமாரியில் இருக்கும் அந்தத் திருமண வட்டுக்கு வருவோம். விசிடி 1993-இல் வந்த வடிவம். ஒரு வட்டில் 74 அல்லது 80 நிமிடம் அடங்கும். அதனால்தான் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டு வட்டுகளாக வந்தது.

சிடியின் ஒரு செக்டரில் உண்மையில் இருப்பது 2,352 பைட். கணினித் தகவல் வைக்கும்போது அதில் 2,048 பைட் மட்டுமே தகவல். மீதியில் 276 பைட், பிழை திருத்துவதற்கான கூடுதல் குறியீடு. வட்டில் கீறல் விழுந்து சில பைட்டுகள் படிக்க முடியாமல் போனால், இந்தக் குறியீட்டைக் கொண்டு அவற்றைக் கணக்கிட்டு மீட்கலாம். விசிடியை வடிவமைத்தவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். நிரலில் ஒரு பைட் தவறினால் நிரலே நின்றுபோகும். படத்தில் ஒரு பைட் தவறினால் ஒரு நொடி ஒரு சதுரம் கலங்கும், அவ்வளவுதான். எனவே காணொளி செக்டர்களில் அந்த 276 பைட்டையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். 2,048 + 276 = 2,324. கீறல் விழுந்த விசிடியில் படம் சதுரம் சதுரமாக உடைந்து தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொறி இங்கேதான். ஐஎஸ்ஓ கோப்பு செக்டருக்கு 2,048 பைட் என்று எண்ணுவது. விசிடியை அப்படியே ஐஎஸ்ஓவாக மாற்றினால், காணொளித் தடம் விடுபட்டுப் போகலாம். அல்லது ஒவ்வொரு காணொளி செக்டரிலும் 276 பைட் வெட்டுப்படலாம். அது ஏறக்குறைய 12 விழுக்காடு. கோப்பு உருவாகிவிடும், கணினி பிழை என்றும் சொல்லாது. ஆனால் படம் ஓடாது. யுஎம்டியில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் செக்டர் 2,048 பைட்தான். விசிடிக்கு ஏற்றது ‘பின்’, ‘கியூ’ என்ற இரட்டைக் கோப்பு வடிவம். பின் கோப்பு 2,352 பைட்டையும் விடாமல் வைக்கும். எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கியூ கோப்பு சொல்லும்.

ஆகவே வடிவத்தின் பெயர் மட்டும் எதையும் காப்பாற்றாது. எந்த வட்டில் எது இருக்கிறது என்று அறிந்து வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் தாமதமும் கூடாது. வீட்டு நிகழ்ச்சிகள் பெரும்பாலும் எழுதக்கூடிய சிடியில் பதியப்பட்டவை. அதில் தகவலைத் தாங்குவது ஒரு கரிமச் சாய அடுக்கு. வெளிச்சமும் வெப்பமும் ஈரப்பதமும் அதைச் சிதைக்கும். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இவை மூன்றுக்கும் பஞ்சமே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கோப்பின் வடிவம் மாறுவதால் அதன் உரிமையாளர் மாறுவதில்லை. பழைய விளையாட்டு என்றாலும் அதற்குப் பதிப்புரிமை உண்டு. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பொருந்தும். படைப்பைக் காக்க வைத்திருக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதையும் 2012-இல் வந்த திருத்தம் தடை செய்கிறது. எனவே யாரோ இணையத்தில் போட்டிருக்கும் ஐஎஸ்ஓவை இறக்கிக்கொள்வது ‘பயிற்சி’ ஆகாது. பயிற்சிக்கு உங்கள் சொந்தக் கோப்புகளே போதும். நிரலாளர்கள் தாங்களே எழுதி இலவசமாகப் பகிரும் விளையாட்டுகளும் இருக்கின்றன. உங்கள் வீட்டுத் திருமணக் காட்சிக்கு நகல் எடுப்பதை யார் தடுக்கப்போகிறார்கள்?

செய்து பாருங்கள்

1. ஓவியம் வரையும் மென்பொருளில் 1,000 × 1,000 புள்ளி கொண்ட ஒரு வெற்றுப் படத்தை 24-பிட் ‘பிஎம்பி’ வடிவில் சேமியுங்கள். புள்ளிக்கு 3 பைட், முகப்புக்கு 54 பைட். ஆக 3,000,054 பைட். இதை ஜிப் செய்தால் சில கிலோபைட்டாகிவிடும். பிறகு கைப்பேசியில் எடுத்த ஒரு ஜேபெக் படத்தை ஜிப் செய்யுங்கள். அது ஏறத்தாழ அப்படியே இருக்கும். காரணத்தை நீங்களே எழுதுங்கள்.

2. குறிப்பேட்டு மென்பொருளில் ‘அம்மா’ என்று மட்டும் எழுதி, ‘யுடிஎஃப்-8’ முறையில் சேமியுங்கள். கோப்பின் அளவு 15 பைட் காட்டும். அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள். தமிழுக்குக் குறிக்கு 3 பைட். அந்தப் பைட்டுகள்: 224 174 133, 224 174 174, 224 175 141, 224 174 174, 224 174 190. ஒவ்வொன்றும் 224-இல் தொடங்குவதையும், அடுத்தது 174 அல்லது 175 ஆக மட்டுமே இருப்பதையும் கவனியுங்கள். இனி ஒரு நீண்ட தமிழ்க் கட்டுரையை இப்படிச் சேமித்து ஜிப் செய்து, எத்தனை விழுக்காடு சுருங்குகிறது என்று கணக்கிடுங்கள். அதே நீளத்தில் ஓர் ஆங்கிலக் கட்டுரையோடு ஒப்பிடுங்கள்.

3. ஒரு கோப்பின் ஷா-256 எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளில் இந்த வசதி இருக்கிறது. கோப்பை ஜிப் செய்து, வேறொரு கோப்புறையில் விரித்து, எண்ணை மறுபடி பாருங்கள். பிறகு ஒரே ஓர் எழுத்தை மாற்றிவிட்டுப் பாருங்கள்.

மூன்றும் கைவந்தால், வீட்டில் இருக்கும் பழைய வட்டுகளை வெளியே எடுங்கள். பிம்பம் எடுத்து, சரிபார்ப்பு எண்ணை ஒரு தாளில் எழுதி, நகலை வேறொரு சேமிப்புக் கருவியிலும் வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து அந்தக் கோப்பைத் திறக்கும்போது, தாளில் இருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போனால், அம்மா அப்பாவின் திருமண நாளில் ஒரு பைட்டும் தொலையவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.